மூன்றே கால் நாழிகைத் தூரம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக என மலர்க்குழுச் செயலாளர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர் எதிர்பார்த்தது சங்கப் பாக்களில் இயற்கை என்பது போன்றதொரு பொருளையே என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கொழும்பிலிருந்து சென்னை எவ்வளவு தூரம், ஆகாய விமானம் அங்குச் சென்று சேர எவ்வளவு நேரம் என்பது. இது பூகோள ஆசிரியர்க்கு உரிய பொருள். அவருடைய எல்லைக்குள் வேலி தாண்டிப் புகுந்தமைக்காக அப்பெரியார் எம்மைப் பொறுத்தருள்வாராக. எம் மாணவன் ஒருவன் கேட்ட வினாவே எம்மை இவ்வழியிற் செலுத்திற்று.

சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். புகார் நகரை நீங்கிய கண்ணகி, நடந்தறியாத அடிகள் வருந்த, இன்னும் சிறிது தொலைவே கடந்த நிலையில், மதுரை மூதூர் எங்கே உள்ளது எனக் கேட்கிறாள். கோவலன் சொல்லும் விடை விந்தையானது. ஆறும் ஐந்தும் கூடிய ஒரு தொடரால் அவன் தூரத்தைச் சொல்கிறான். அத்தொடரை ஆறு ஐந்துகள், அஃதாவது முப்பது காதம் என்றும் கொள்ளலாம்; ஐந்தாறு காதம் என்று கேட்பவள் எண்ணிக்கொள்ளவும் இடமுண்டு. அண்மையில்தான் உள்ளது என்றும் சொல்லி நகைக்கிறான். அந்நகையில் உள்ளது எத்தகைய துயர் என்பதை விளக்கி முடித்து, மனம் கனிந்திருக்கும் என்று எண்ணி வகுப்பை நோக்கினோம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்படியென்றால் இங்கிருந்து சென்னை எத்தனை காதம்?" என்றான்.

வகுப்பு நகைத்தது. எமக்கு நகை வரவில்லை. முதலில், காதம் என்பது பத்து மைல் எனச் சிறுவயதில் யாம் மனனஞ்செய்த கணக்கு கோவலனுக்குப் பொருந்தாது. பூம்புகாருக்கும் மதுரைக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 230 கிலோமீற்றர் அளவே. முப்பது காதம் என்பது 300 மைலானால் கோவலன் மதுரையைக் கடந்து நெடுந்தூரம் போயிருத்தல் வேண்டும். காதத்தின் அளவு காலத்துக்குக் காலம் இடத்துக்கு இடம் வேறுபட்டது என்று கூறி அன்று மாணவனை அமர்த்தினோம். அவன் அமர்ந்தான், வினா அமரவில்லை.

கணக்கை முதலிற் கூறிவிடுவோம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாயத் தூரம் ஏறக்குறைய 645 கிலோமீற்றர், மைற்கணக்கில் 400. திருச்சிராப்பள்ளி இன்னும் அண்மையது. 420 கிலோமீற்றர் அளவு. மதுரை அதனினும் அண்மையது, 350. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னையை அளந்தால் 355 கிலோமீற்றரே வரும். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானக் கால அட்டவணைகள் ஒரு மணி இருபது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி வரை காட்டும். இக்காலத்து விமானம் மணிக்கு 800 கிலோமீற்றர் வரை பறக்கவல்லதாகையால், முழு வேகத்திற் சென்றால் 645 கிலோமீற்றர் ஐம்பது நிமிடத்துக்கும் குறைவான வேலை. எஞ்சிய நேரம் ஓடுபாதையில் ஊர்தலிலும், மேலே ஏறுதலிலும், கீழே இறங்குதலிலும் கழிகிறது. பழைய கணக்கிற் சொல்வதானால் ஒரு நாழிகை 24 நிமிடம். எனவே ஒரு மணி இருபது நிமிடம் மூன்றே கால் நாழிகைக்குச் சற்று மேல். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாக்கினர். அவற்றுள் மூன்றே கால் போதும், கொழும்பிலிருந்து சென்னைக்கு.

இடையில் ஒரு வேடிக்கை. 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒற்றோபரில் அரை மணி பின்னே வந்தன. 2006 ஏப்பிரலில்தான் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றாயின. அப்பத்தாண்டுக் காலத்தில் காலை எட்டு மணிக்குக் கொழும்பை விட்டவர் சென்னை மணிக்கூட்டில் எட்டு ஐம்பதுக்கு இறங்கினார். திரும்பி வருகையிலோ அதே வழி ஒரு மணி ஐம்பது நிமிடமாயிற்று. போக்கு அண்மையாகவும் வரவு சேய்மையாகவும் இருந்த விந்தைக்கு வேறெங்கும் இத்துணை எளிய காரணம் கிடையாது.

கட்டுநாயக்காவையும் சென்னையையும் ஒரு கோடிட்டு இணைத்துப் பாருங்கள். தேசப்படத்தில் அக்கோடு ஏறக்குறைய நேர் வடக்கே சென்று, மன்னார்க் கரைக்கு அருகாகக் கடந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி, கோடிக்கரைக்குக் கிழக்கே கடலின்மேற் செல்லும். மன்னார்க் கரையை அக்கோடு தொடும் இடத்தில்தான் எமக்கு மூச்சு நின்றது. ஏனெனில் அங்கே வேறொரு கோடு தொடங்குகிறது. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று வந்து மாத்தளையில் முடியும் கோடு அது. அதனை நூல்கள் வடபாதை என்னும். அப்பாதை வழியே வந்தவர்களின் பேரர்களும் கொள்ளுப் பேரர்களுமே எம் வகுப்பில் இருப்போரிற் பெரும்பாலோர். யாமும் அவ்வழி வந்தோரின் மரபினோமே.

கோப்பிக் காலத்தில், அஃதாவது கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய இடங்களிலிருந்து தோட்டங்களுக்குப் புறப்பட்டோர் தம் ஊரிலிருந்து கடற்கரை வரை நடந்தனர். பாய்மரத் தோணியில் மன்னார்ப் பக்கத்துக் கரையில் இறங்கினர். பின் மீண்டும் நடந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வீதித் தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பத்து முதல் பதினைந்து நாள் நடை. நீரற்ற காடு. காய்ந்த மாதங்களில் குளங்கள் சேறாகும். அச்சேற்று நீரைக் குடித்தோர்க்கு வாந்திபேதி வரும். வைசூரி வேறு. நடக்கமாட்டாதவரைக் கூட்டம் காத்திருக்க இயலாது. பின்னாளில் அரசாங்கம் தங்குமடங்களும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் அமைத்தது உண்மை. அவை அமையுமுன் வீழ்ந்தோர் பலர். எத்துணைப் பேர் வீழ்ந்தனர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். பல்லாயிரவர் என்பதில் வாதமில்லை. காட்டைத் தாண்டி நாலந்தாவுக்குத் தெற்கே காற்றுக் குளிரத் தொடங்கியதும் உயிர் பிழைத்தோம் என்று அவர்கள் எண்ணியிருப்பர். மாத்தளைதான் மலைநாட்டின் வாயில். கண்டிப் பக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் செல்வோரும் இங்கே வந்தே பிரிந்தனர்.

இன்னொன்று பலர் மறந்தது. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் மிகப் பலர். எனவே அவ்வழியை ஒருமுறை நடந்து முடித்தோம் என்றில்லை. ஆண்டுதோறும் போகவும் வரவும் நடந்தனர். இலைநோய் 1869 இல் தோன்றிக் கோப்பியை அழித்து, தேயிலை வந்து, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியதான பின்னரே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன.

விமானம் நிமிடத்துக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் செல்வதாக வைத்துக்கொண்டால், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையான 250 கிலோமீற்றர் அதற்குப் பத்தொன்பது நிமிடம். இடையில் உள்ள கடல் மூன்று நிமிடங்கூட இல்லை. விமானத்தில் ஒரு கிண்ணம் தேநீர் கொடுத்து முடியுமுன் அது கடந்துவிடும். அத்தேநீர் எவர் பறித்த கொழுந்து என்று கேட்பாருமில்லை.

தூரத்துக்கு விலையும் இருந்தது. வழிச்செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுத்தார். அது தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. தோணிக்கூலியும் வழியில் உண்ட சோறும் கணக்கேறின. நடந்தது அவன் கால். கடன் பட்டதும் அவனே. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டம் போக வேண்டுமாயின் அக்கடன் தொகை எழுதிய சீட்டை அடுத்த தோட்டத்தார் தீர்க்க வேண்டும். துண்டு என்பது அச்சீட்டின் பெயர். அம்முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எம் பாட்டனார் ஒருவர் மீது கோபங்கொண்டால், "அவன் துண்டிலே நிற்கிறான்" என்று சொல்வார். சட்டம் ஒழித்த பின்னும் சொல் நாற்பது ஐம்பது ஆண்டு உயிரோடிருந்தது. சொற்களின் இயல்பு அது.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டி 1880 இல் வந்தது. அதற்கு வடக்கே அது போகவில்லை. இன்றும் மாத்தளை நிலையத்தில் தண்டவாளம் முடிந்து நிற்பதைக் காணலாம். மாணவர்கள் அதனைப் பார்த்து நகைப்பர். நடந்து வந்தோரின் பாதை முடிந்த ஊரிலேயே இரும்புப் பாதையும் முடிந்தது தற்செயலே ஆகலாம். 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், தலைமன்னாரிலிருந்து இரயிலும் அமைந்தன. சென்னை எழும்பூரிலே சீட்டு வாங்கிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். ஓர் இரவும் ஒரு பகலும் இன்னோர் இரவும் ஆகும். கடற்பகுதி 22 மைலே. போட் மெயில் என்று அதனை மூத்தோர் இன்றும் ஏக்கத்தோடு சொல்வர். ஆயினும் தொழிலாளர் எழும்பூரிலிருந்து வந்தவரல்லர். அவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய் உண்டா எனப் பார்க்கப்பட்டு, பின்னரே அனுப்பப்பட்டனர்.

ஆகாயப் பயணத்தின் வரலாறும் சென்னையோடு பிணைந்ததே. இரத்மலானை விமான நிலையத்தில் 1935 நவெம்பர் 27 இல் முதன்முதல் இறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்தது. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோன் நிறுவனம் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, சீதாதேவி எனப் பெயரிட்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே பறந்தது. சீதைக்குக் கடல் கடக்க முன்னொரு விமானம் இருந்ததை எண்ணிப் பெயரிட்டனர் போலும். எனினும் அவள் இலங்கைக்கு விரும்பி வந்தவளல்லள் என்பதை மறந்தனர்.

அவ்விமானம் பறந்து ஓராண்டு நிறையுமுன் தூரம் மீண்டும் நீண்டது. இம்முறை நீட்டியவை சட்டங்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலே மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் எந்நாட்டினரும் அல்லாதாராயினர். அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் பின் கடலைத் தாண்டக் கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டியவாயின. 1964 ஒற்றோபர் 30 இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்க. அவ்வெஞ்சியோரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் முடியுமுன், டிசெம்பர் 22 இரவிலே வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. புகைவண்டி ஒன்றும் பிரயாணிகளோடு கடலுக்குப் பலியாயிற்று. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. திரும்பிச் சென்றோர் இறங்கிய பின் தங்கவைக்கப்பட்ட இடம் எது என்று எண்ணுகிறீர்கள்? அதே மண்டபம் முகாம். பாட்டன் நோய்ச் சோதனைக்கு நின்ற இடத்தில் பேரன் குடும்ப அட்டைக்கு நின்றான்.

இனி எம் வீட்டுச் செய்தி. எம் தந்தையாரின் தமக்கையார், எமக்கு அத்தை, 1972 இல் தம் கணவரோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பிராக்களில் வாழ்ந்த குடும்பம் அது. பாட்டனார் இலங்கைக்கு விண்ணப்பித்தார். மருமகனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அக்காலத்தில் அப்படிப் பிரியாத குடும்பம் அரிது. எம் தந்தையார்க்கு அப்போது பதினைந்து வயது. தலைமன்னார் வரை வழியனுப்பச் சென்றார். தமக்கையார் கப்பற்றுறை வாயிலில் நின்று, "ரெண்டு வருசத்துல வந்து பாத்துட்டுப் போறேன்டா தம்பி" என்றாராம். அவர் வரவில்லை. நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே, தாயகம் திரும்பியோர்க்கென்று தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டமொன்றில் மீண்டும் கொழுந்துக் கூடையையே தூக்கினார். இங்கே நக்கிள்ஸ் மலைச் சாரல், அங்கே நீலமலைச் சாரல், செடி ஒன்றே.

கடிதங்கள் வந்தன. நீல நிற வான்கடிதம் ஒன்று நல்ல காலத்தில் பதினைந்து நாளில் வந்து சேரும். ஒருவர் நலம் விசாரித்து, மற்றவர் விடையெழுதி, அது கைக்கு வர ஒரு மாதம். எம் பாட்டியார் இறந்த செய்தி அங்கே சென்றபோது இங்கே பதினாறாம் நாள் கிரியை முடிந்திருந்தது. எண்பதுகளின் நடுவிலே கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக வழியின்றி இங்கேயே தங்கியோர் பல்லாயிரவர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இந்திய வம்சாவளியினரான நாடற்றோரின் நிலைக்கு ஒரு முடிவு தந்தது. கப்பல் நின்ற பின் இலங்கையிலிருந்து இந்தியா செல்ல விமானமே வழி. விமானமோ தோட்டத் தொழிலாளியின் வருவாய்க்கு வானத்தில் இருப்பது.

யாம் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, நியமனம் பெற்று, சிறிது சிறிதாகச் சேர்த்து, 2011 இல் எம் தந்தையாரை அழைத்துக்கொண்டு சென்றோம். அப்பயணத்தின் நேரக் கணக்கை யாம் அன்றே ஒரு தாளில் எழுதி வைத்தோம், தொழிற்பழக்கம். இரவு பன்னிரண்டரைக்கு மாத்தளையில் வான் வண்டி ஏறினோம். நான்கரைக்குக் கட்டுநாயக்கா. ஏழரைக்கு விமானம். எட்டு ஐம்பதுக்குச் சென்னை. பகல் முழுவதும் சென்னையிற் காத்திருந்து, இரவு ஒன்பது மணியளவில் நீலகிரி விரைவு வண்டி. விடியலில் மேட்டுப்பாளையம். பின் கொண்டையூசி வளைவுகளில் பஸ் வண்டி. அத்தையின் வாசலில் நின்றபோது காலை ஒன்பது. ஆக முப்பத்திரண்டரை மணி. அதில் ஆகாயத்தில் இருந்தது ஒரு மணி இருபது நிமிடம். இருபத்து நான்கில் ஒரு பங்கு.

எம் தந்தையார் விமானத்தில் சாளரத்தோரம் இருந்தார். ஏறியதிலிருந்து இறங்கும் வரை கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். முகில் மறைத்தபோதும் பார்த்தார். ஒருமுறை எம்மை நோக்கி, "தலைமன்னார் போயிடுச்சா?" என்றார். யாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, போயிருக்கும் என்றோம். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கோத்தகிரியில் அத்தை எம்மை வாசலிலே கண்டு அழுதார், சிரித்தார், உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். பின் முதலாவதாகக் கேட்டது இது: "பிளேன்ல எம்புட்டு நேரம்டா தம்பி?"

"ஒன்றேகால் மணி இருக்கும்க்கா."

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஒன்றேகால் மணிக்கா முப்பத்தொம்பது வருசம்?" என்றார்.

அவ்வினாவுக்கு எந்த அட்டவணையிலும் விடையில்லை. எம் தந்தையார் தம் பையைத் திறந்து, மாத்தளைப் பிரதான வீதியில் வாங்கி வந்த சேலையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அரக்கு நிறம், மஞ்சட் கரை. இரண்டு மணி நேரம் கடைக்காரரை அலைக்கழித்துத் தெரிந்தெடுத்தது. அத்தை அதனை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்தார். நாங்கள் தங்கிய பத்து நாளிலும் அதை அவர் உடுத்தவில்லை. நிறம் பிடிக்கவில்லையோ என எம் தந்தையார்க்கு ஐயம். திரும்பி வரும் வழியெல்லாம் அதனைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதன்பின் வழிகள் கூடின. 2019 இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னைக்கு விமானம் விடப்பட்டது; நோய்த்தொற்றால் நின்று 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2023 ஒற்றோபர் 14 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. கடலிற் கப்பலைக் கண்டு மகிழாத இலங்கைத் தமிழன் யார்? ஆனால் இவை யாவும் அத்தைக்குப் பிந்தியவை.

2018 இல் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தது. அத்தையின் மகள். முதல்நாள் இரவு உறக்கத்திலேயே அம்மா போய்விட்டார். மறுநாள் நண்பகலில் எடுக்கிறார்கள். எம் தந்தையார் உடனே சட்டையை மாட்டினார். பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும் அல்லவா? பெண்ணொருத்தி இறந்தால் உடன்பிறந்தான் கொண்டுவரும் கோடியை உடுத்தித்தான் அவளை அனுப்புவது நம் மரபு. அது வாராமல் எடுத்தால் பிறந்த வீடு அற்றவள் என்று பொருள்படும்.

யாம் கணக்கிட்டோம். கடவுச்சீட்டு இருந்தது, இந்திய நுழைவு அனுமதி இல்லை. அனுமதி அந்நேரமே கையில் விழுந்தாலும், வாசலிலிருந்து வாசலுக்கு முப்பத்திரண்டரை மணி. நண்பகலுக்கோ முப்பது மணியே இருந்தது. யாம் அக்கணக்கைத் தந்தையாரிடம் சொல்லவில்லை. அவர் எம் முகத்தைப் பார்த்துச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு தொலைபேசியை வாங்கி, கோடிக்கு அங்கேயே ஒரு சேலை வாங்கும்படியும், பணத்தை அனுப்பி விடுவதாகவும் மருமகளிடம் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க அவரால் இயலவில்லை.

அப்போது அத்தையின் மகள் சொன்னாள்: "வேணாம் மாமா. கோடி இருக்கு. நீங்க அன்னைக்குக் கொண்டாந்தீங்கல்ல, அரக்குச் சேலை. அம்மா அதைக் கட்டவே இல்லை. 'இது என் தம்பி போட்ட கோடி, பெட்டியிலேயே இருக்கட்டும், அன்னைக்கு அவன் வந்து சேர மாட்டான், தூரம் அப்படி' என்று எங்ககிட்ட சொல்லி வச்சிருக்கு. மாத்தளைக் கடைப் பையோட அப்படியே இருக்கு."

எம் தந்தையார் தொலைபேசியை எம்மிடம் தந்துவிட்டு வாசற்படியில் அமர்ந்தார். நெடுநேரம் கழித்து, "நிறம் நல்ல நிறந்தான், இல்லையா?" என்று கேட்டார். ஆம் என்றோம்.

விமான அட்டவணையைப் பார்த்துத் தூரம் ஒழிந்தது என்று எழுதுவோர் இக்காலத்திற் பலர். அவர்களோடு எமக்கு வழக்கில்லை. கட்டுநாயக்காவின் வாயிலில் நிற்பவனுக்கு அது ஒழிந்ததே. எமது மாணவரிற் சிலரின் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலைக்குச் சென்றிருக்கின்றனர். சென்ற தவணையில் ‘தூரம்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு மாணவி, குவைத்து இரண்டு வருடத் தூரம் என்று எழுதியிருந்தாள். ஒப்பந்தக் காலம் இரண்டு வருடம். பூகோளம் தவறு, யாம் அவ்வரியைத் திருத்தவில்லை, புள்ளியும் குறைக்கவில்லை.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டத்தார் பழைய வடபாதை வழியே நடக்கத் தொடங்கினர். ஓகஸ்ற் 12 இல் மாத்தளையை அடைந்தனர். பதினாறு நாள். வழியில் உணவும் நீரும் மருத்துவமும் பிற இனத்தாரின் வரவேற்பும் இருந்தன. அவர்கள் ஊருக்குள் வரும் நாளில் எம் தந்தையார், அறுபத்தாறு வயதில், விடியலிலேயே எழுந்து ஒரு பெரிய வாளி நிறைய வெறுந்தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு தம்புள்ளை வீதியோரத்தில் நின்றார். யாம் கிண்ணங்களைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நடந்து வந்தோரில் இளைஞன் ஒருவன், கால் விரல்களில் துணி சுற்றியிருந்தவன், நின்று தேநீரை வாங்கிக் குடித்தான். எம் தந்தையார் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமன்னார்ல இருந்தா தம்பி?"

"ஆமாங்க தாத்தா."

"எத்தனை நாள்?"

"பதினாறு நாள்."

"வேகமாத்தான் வந்திருக்கீங்க" என்று சொல்லி, அவன் கிண்ணத்தில் இன்னொருமுறை ஊற்றினார்.